இரும்புப் பெட்டியின் வரலாறு: பெரம்பலூர் கிணற்றடியும் அரியலூர் தூசியும்

பெரம்பலூர் பக்கம் வயல்காட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் ஒரு பலகை. பலகையில் ஒரு இரும்பு மெயின் சுவிட்ச், மூன்று பியூஸ் கட்டை, பக்கத்திலேயே பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி. ஸ்டார்ட்டர் மூடியைப் பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றது எப்போதோ தொலைந்திருக்கும். ஒயர் நுழைவதற்கான ஓட்டைகளில் இரண்டில் ஒயர் இருக்கும், மூன்றாவது சும்மா திறந்து கிடக்கும். அதன் வழியாகப் பல்லி போய்வரும். குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டும்.

அங்கிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் அரியலூர். சிமெண்ட் ஆலைகளின் ஊர். ஆலைக்குள் கன்வேயர் பெல்ட் ஓரமாக நிற்கும் சுவிட்ச் பெட்டி வேறு ரகம். தடித்த தகடு, கதவைச் சுற்றிலும் ரப்பர் கேஸ்கட், ஒவ்வொரு கேபிளையும் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட், பக்கவாட்டில் ஐ.பி.55 என்றோ ஐ.பி.65 என்றோ எழுதிய சின்னத் தகடு.

இரண்டு பெட்டிக்குள்ளும் வருவது அதே 415 வோல்ட் மும்முனை மின்சாரம்தான். தொட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் கொல்லும். அப்படியிருக்க பெட்டி மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இந்த இரண்டு ஊரும் கொஞ்ச காலம் முன்புவரை ஒரே மாவட்டம். திருச்சி மாவட்டத்தைப் பிரித்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். அரசாங்கமே இத்தனை முறை யோசித்த எல்லையை, மின்சாரப் பெட்டியை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் போட்டுவிடலாம் போலிருக்கிறது!

சரி, பெட்டியின் கதைக்கு வருவோம்.

தொடக்கத்தில் பெட்டி என்று ஒன்றே கிடையாது. 1882-ல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம் தொடங்கினார். அந்தக் காலத்து சுவிட்ச் என்பது மரக் கைப்பிடி வைத்த ஒரு செம்புக் கத்தி. அதைப் பளிங்குப் பலகையிலோ ஸ்லேட் கல்லிலோ பொருத்தி வைப்பார்கள். பளிங்கு எரியாது, மின்சாரத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் செம்பு முழுக்க வெளியே பளபளவென்று தெரியும். பாதுகாப்பு என்று இருந்தது ஒன்றுதான்: தெரியாதவன் அந்த அறைக்குள் வரக்கூடாது.

மின்சாரம் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் இந்தப் பாதுகாப்பு செல்லாக் காசாகிவிட்டது. நூற்பாலையிலும் சுரங்கத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் மோட்டார் வந்தது. அங்கே வேலை செய்பவருக்கு மின்சாரம் பற்றி என்ன தெரியும்? சுவிட்ச் பக்கமாக ஈரக் கையோடு நடப்பார், இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போவார். இங்கிலாந்தில் ரெய்ரோல் நிறுவனத்தில் இருந்த கிளாத்தியர் என்ற பொறியாளர் 1905 வாக்கில் சுவிட்ச் கருவிகளை முழுக்க உலோகக் கூட்டுக்குள் அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1908-ல் அங்கே தொழிற்சாலைகளுக்கென்று தனியாக மின்சார விதிகளும் வந்தன. மின்சாரத்தைத் தள்ளி நின்று கும்பிட்ட காலம் போய், பெட்டியில் பூட்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் காலம் தொடங்கியது.

அந்தக் காலத்தின் அடையாளம் நம்மூர் எலக்ட்ரீஷியன்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. எலக்ட்ரிகல் கடையில் ‘ஐ.சி.டி.பி. சுவிட்ச் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பார்கள். முதல் இரண்டு எழுத்துக்கு ‘அயர்ன் கிளாட்’ என்று விரிவு, அதாவது இரும்புக் கவசம் போட்டது. இன்றைக்கு அந்தப் பெட்டி வார்ப்பிரும்பாக இல்லாமல் மெல்லிய தகடாக இருந்தாலும் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த இரும்புக் கவசம் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு ஒயரின் உறை உரிந்து தகட்டில் பட்டுவிட்டால் பெட்டி முழுவதும் ஷாக் அடிக்கும். வெறும் செம்பைப் பார்த்தால் பயந்து ஒதுங்குவோம். பெயிண்ட் அடித்த பெட்டியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அதனால்தான் பெட்டியோடு எர்த்தும் சேர்ந்தே வந்தது. இந்திய மின்சார விதிகள் 1956 இரண்டையும் கேட்டது. 51-வது விதி, வெளியே போகும் மேல்நிலைக் கம்பிகள் தவிர மற்ற கடத்திகள் எல்லாம் வலுவான உலோக உறைக்குள் இருக்க வேண்டும் என்றது. 61-வது விதி, நிலையாகப் பொருத்திய மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்றது. ஒன்று அறுந்தாலும் மற்றது காப்பாற்றும் என்ற கணக்கு. அந்த 1956 விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் 2010-லும் பிறகு 2023-லும் வந்துவிட்டன. இரண்டு எர்த் என்ற பழக்கம் அப்படியே தொடர்கிறது.

இதுவரை பெட்டியின் வேலை மனிதனை மின்சாரத்திடமிருந்து காப்பது. இதே காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் பெட்டிக்கு முற்றிலும் வேறு ஒரு வேலை கிடைத்தது.

1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டில் செங்கெனித் என்ற ஊரில் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய சுரங்க விபத்து அதுதான். எதிலிருந்து தீப்பற்றியது என்பது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. சந்தேகப்பட்டவற்றில் ஒன்று மின்சார மணி அடிக்கும் சிக்னல் கருவியின் பொறி. மணி அடிக்கிற அளவு சின்னப் பொறி! சுரங்கத்தில் மீத்தேன் வாயு காற்றோடு கலந்து நிற்கும்போது அதுவே போதும்.

வாயு உள்ளே போகாதபடி பெட்டியை அடைத்துவிட்டால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். வாயு எப்படியும் போய்விடும் என்பதுதான் அனுபவம். மோட்டார் ஓடும்போது சூடாகிக் காற்று வெளியேறும், நின்றதும் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஜெர்மனியில் பேலிங் என்பவர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேறு வழியைச் சோதித்துக் காட்டினார். வாயு உள்ளே போகட்டும், பொறி பட்டு உள்ளேயே வெடிக்கட்டும். பெட்டி உடையாத அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும், மூடியும் உடலும் சேரும் இடத்தில் அகலமான, நன்றாக இழைத்த உலோகப் பரப்பு இருக்க வேண்டும். அந்தக் குறுகலான இடுக்கு வழியாக வெளியே வரும் தீ, உலோகத்தில் உரசி வெப்பத்தை இழந்து வெளியில் உள்ள வாயுவைப் பற்றவைக்க முடியாமல் போய்விடும். அதாவது அந்த இடுக்கு குறை இல்லை, அதுதான் பாதுகாப்பே. விவரம் தெரியாமல் மூடியில் கீறல் விழ நெம்பித் திறந்தாலோ, போல்ட் ஒன்றைப் போடாமல் விட்டாலோ இடுக்கின் அளவு மாறி எல்லாம் வீண்.

இந்தியாவில் 1956-ல் தன்பாதில் தொடங்கிய மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளை வெடிக்கவைத்துச் சோதித்தார்கள். இந்தியத் தரநிலை எண் 2148 இதற்காகவே எழுதப்பட்டது.

சுரங்கக் கதைக்கும் அரியலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. சிமெண்ட் சூளைக்கு எரிபொருள் பெரும்பாலும் நிலக்கரி. அதை மாவு மாதிரி அரைத்துத்தான் சூளைக்குள் ஊதுகிறார்கள். நிலக்கரி மாவு காற்றில் மிதந்தால் வெடிக்கும். சூடான மோட்டார் மேல் படிந்து கிடந்தால் மெல்லப் புகைந்து பற்றிக்கொள்ளும். ஆக ஒரே ஆலைக்குள் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்துக்கு ஒரு ரகப் பெட்டி, நிலக்கரி அரைக்கும் இடத்துக்கு இன்னொரு ரகப் பெட்டி. முதலாவது தூசி உள்ளே போகாமல் தடுத்தால் போதும். இரண்டாவது அதோடு கூட தன் வெளிப்பரப்பு எந்த அளவுக்கு மேல் சூடாகக்கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி அந்த ஐ.பி. எண். பெட்டி பெருகப் பெருகக் குழப்பமும் பெருகியது. ‘தண்ணீர் புகாதது’, ‘தூசி புகாதது’ என்று ஆளாளுக்கு விளம்பரம் செய்தார்கள். எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கமிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. இந்தியத் தரநிலை நிறுவனம் 1962-லேயே 2147 என்ற எண்ணில் தாழ்வழுத்த சுவிட்ச் கருவிகளின் பெட்டிகளுக்குப் பாதுகாப்பு அளவுகளை வகுத்தது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக 529 என்ற தரநிலையை 1976-ல் வெளியிட்டது. இன்று 60529 என்று வழங்குவது அதுதான்.

இரண்டு எண்ணின் பொருளும் எளிது. முதல் எண் திடப்பொருளுக்கு. 2 என்றால் விரல் போகாது, 4 என்றால் 1 மி.மீ. கம்பி போகாது, 5 என்றால் தூசி கொஞ்சம் போகலாம் ஆனால் வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போகக்கூடாது, 6 என்றால் தூசியே போகக்கூடாது. இரண்டாம் எண் தண்ணீருக்கு. 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீர். 5 என்றால் 6.3 மி.மீ. துளையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சியடிப்பது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், தூசிச் சோதனையில் பயன்படும் தூசி. முகத்துக்குப் பூசுகிறோமே, அந்த டால்கம் பவுடர்தான்! மெல்லிய சல்லடையில் சலித்து, ஒரு மூடிய அறைக்குள் பெட்டியை வைத்து, சுற்றிலும் பறக்கவிட்டு, பிறகு திறந்து பார்ப்பார்கள். பரிசோதனைக்கு இது நல்ல ஏற்பாடு. எந்த நாட்டில் செய்தாலும் ஒரே மாதிரி வரும். அரியலூரில் பறப்பது டால்கம் பவுடர் இல்லை என்பதுதான் சிக்கல்.

அங்கே பறப்பது என்ன? ஒரு காலத்தில் அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் கடல் இருந்தது. கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் உயிரிகளின் ஓடும் சேறும் படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது. புவியியல் படிப்பவர்கள் அந்தக் கல்லுக்குள் புதைபடிவம் தேடி வருகிறார்கள். சிமெண்ட் ஆலைகள் அதே கல்லைத் தேடி வந்தன. பக்கத்தில் டால்மியாபுரத்தில் 1939-லேயே ஆலை வந்துவிட்டது (1953 கல்லக்குடி போராட்டத்தால் தமிழ்நாடு முழுக்கப் பெயர் தெரிந்த அதே இடம்). அரியலூரில் அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலை 1979-ல் தொடங்கியது. பிறகு ரெட்டிப்பாளையம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று வரிசையாகத் தனியார் ஆலைகள் வந்தன.

சுண்ணாம்புத் தூசி சும்மா படியும், துடைத்தால் போய்விடும். அரைத்து முடித்த சிமெண்ட் அப்படி விடாது. பகலில் சூடான பெட்டி இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதோடு கொஞ்சம் சிமெண்ட் தூசியும் போனால் உள்ளே ஒரு மெல்லிய பூச்சு வேலையே நடந்துவிடும். ரிலேயின் நகரும் பாகம் ஒட்டிக்கொள்ளும். கான்டாக்டர் முழுதாக மூடாமல் நின்று பொறி விடும். டால்கம் பவுடர் சோதனையில் ‘வேலையைக் கெடுக்காத அளவு’ என்று தேறிய 5-ம் எண், தூசி மூட்டம் நிற்கும் சிமெண்ட் மூட்டை கட்டும் இடத்தில் அதே பொருளைத் தராது. அங்கே 6 கேட்பதில் நியாயம் உண்டு.

பெட்டி எதனால் செய்தது என்பதும் முக்கியம். ஈரமான சிமெண்ட் கடுமையான காரம். அலுமினியத்துக்கும் காரத்துக்கும் ஆகவே ஆகாது. எடை குறைவு, துருப்பிடிக்காது என்று அலுமினிய வார்ப்புப் பெட்டி வாங்கி ஈரமும் சிமெண்ட்டும் சேரும் இடத்தில் மாட்டினால் மெல்ல அரித்துவிடும். ஐ.பி. எண் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. துரு, அமிலம், காரம், வெயில், பூச்சி, எலி எதுவும் அதன் கணக்கில் இல்லை. அமெரிக்காவின் நெமா முறை கொஞ்சம் பரவாயில்லை, அதில் 4எக்ஸ் என்ற வகைக்கு அரிப்பைத் தாங்கும் சோதனையும் உண்டு.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பெரிய எண்ணாக வாங்கிவிட்டால் கவலை இல்லையே? அங்கேதான் பணமும் போய் மோட்டாரும் நிற்கும். காற்றே புகாத பெட்டியில் உள்ளே உண்டாகும் வெப்பத்துக்குத் தகடு வழியாக வெளியேறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பேனல் தரநிலைகள் பொதுவாகச் சுற்றுப்புறம் 40 டிகிரிக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. அரியலூரின் கத்திரி வெயிலில், நிழல் இல்லாத இடத்தில், இருண்ட நிறப் பெயிண்ட் அடித்த பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஆலைகளில் இதற்குக் கண்ட வழி, மூளை மாதிரியான பெரிய பேனல்களை எல்லாம் தனி அறையில் வைத்து, வடிகட்டிய காற்றை வெளியழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே செலுத்துவது. கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் தள்ளும், தூசி உள்ளே வராது. களத்தில் நிற்பது பொத்தான் பெட்டி மட்டும். அதில் சூடாவதற்கு ஒன்றும் இல்லை, எனவே நன்றாக அடைத்துவிடலாம். அறையையே பெட்டியாக்குவது என்பது இந்த வரலாற்றிலேயே அழகான யோசனை என்று சொல்ல வேண்டும்.

இப்போது மறுபடி பெரம்பலூர் கிணற்றடிக்கு.

பாறை நிலம். ஆழமான கிணறு, அதைவிட ஆழமான போர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் எல்லாம் மோட்டாரை நம்பித்தான். தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் மின்சாரம் இலவசமானது. மாநிலம் முழுக்க இன்று 20 லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்புகள். இத்தனை லட்சம் இடங்களிலும் 415 வோல்ட் பெட்டியைக் கையாள்வது பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் கிடையாது. விவசாயியும் அவர் வீட்டுப் பிள்ளைகளும்தான். அதுவும் மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று பங்கிட்டு வந்த ஆண்டுகளில், ராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் நடந்து, சேற்றுக் காலோடு வந்து பொத்தானை அழுத்த வேண்டும். போக அலுப்பாக இருக்கிறதே என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார்கள். இருமுனையிலும் ஓட வேண்டும் என்று கன்டென்சர் சேர்த்தார்கள். ஒவ்வொன்று சேரும்போதும் பெட்டியில் ஒரு புது ஓட்டை. முதலில் வந்தபோது அந்த ஸ்டார்ட்டருக்கு என்ன ஐ.பி. எண் இருந்ததோ, முதல் ஓட்டையோடு அது போயிற்று.

கணக்குப் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சிமெண்ட் ஆலையில் பேனல் ஒன்று கெட்டால் சூளை நிற்கும், நஷ்டம் அன்றைக்கே கணக்கில் தெரியும். அதனால் நல்ல பெட்டிக்கு ஆகும் கூடுதல் செலவை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள். கிணற்றடியில் பெட்டி ஓட்டையாக இருந்தாலும் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது. நஷ்டம் என்று எதுவும் தெரிவதில்லை. வரும்போது ஒரு ஆளாகத்தான் வரும். இந்தியாவில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. தூசி புகாத பெட்டிக்கு ஒரு சந்தை உருவானது. விரல் புகாத பெட்டிக்கு, நூறு ஆண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்ட அந்தப் பழைய பிரச்சினைக்கு, இன்னும் விலை கொடுக்க ஆள் இல்லை.

இத்தனைக்கும் கிணற்றடிக்குத் தேவையானது பெரிய எண் ஒன்றும் இல்லை. கூரையும் சுவரும் இருக்கும் கொட்டகையில் ஐ.பி.54 தாராளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கும் திறந்த தூணில் மாட்டுவது என்றால் 55, மேலே சின்னதாக ஒரு தகரக் குடை. கேபிள் எப்போதும் பெட்டியின் அடியிலிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். உலோகப் பெட்டி என்றால் எர்த் கட்டாயம், அதுவும் கோடையில் மண் காய்ந்த பிறகும் வேலை செய்கிற எர்த். கண்ணாடியிழை அல்லது பாலிகார்பனேட் பெட்டி என்றால் பெட்டியே ஷாக் அடிக்காது, ஆனால் வெயிலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். மோட்டாருக்கு எர்த் அப்போதும் வேண்டும். கசிவு மின்சாரம் தெரிந்தவுடன் துண்டிக்கும் கருவி ஒன்றையும் சேர்த்தால் பெட்டி தோற்றாலும் ஆள் பிழைப்பார். விதிகளும் அதைக் கேட்கின்றன.

பயன்படாத அந்த மூன்றாவது ஓட்டையை அடைக்க ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. கிளாண்ட் விற்கும் கடையிலேயே கிடைக்கும், ஒரு டீயின் விலைகூட வராது. அடைக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, பியூஸ் கட்டையைக் கையோடு எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே குளவிக்கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.